முப்பத்தெட்டு டாலர்

வாங்கலாமா என்று கேட்கிறாய், ஊர்ஹோ,
பனிவாரி வண்டியின் படியில் ஒரு காலும்
கொட்டகைத் தரையில் ஒரு காலுமாக நின்றுகொண்டு,
நான் எண்ணெய் மாற்றுகிற நேரமாகப் பார்த்து.

உன் பையனுக்கு வந்த அதே படிவம்
ஆறு வருடம் முன்பு எங்கள் வீட்டுக்கும் வந்தது.
புதிய மாணவர் படப் புத்தகம்.
பெயர், ஊர், பள்ளிக்கூடம், முகம்.
ஜூலை பதினைந்துக்குள் ஒரு புகைப்படமும் காசோலையும்.

ஐலி சிரித்தாள்.
"ஒஹாயோ போய் நேரிலேயே பார்க்கப்போகிறேன்,
அச்சடித்த முகம் எதற்கு?"
சரியான கேள்விதான்.
அவள் வேலைக்குக் கிளம்பிய பிறகு காசோலை எழுதினேன்.

படம்தான் சிக்கல்.
ஸ்டூடியோவில் எடுத்ததில் அவள் அவளாக இல்லை,
பல் மருத்துவர் விளம்பரம் போலிருந்தாள்.
அதனால் பிப்ரவரியில்,
உறைந்த சுப்பீரியர் ஏரிமேல், மூக்கு சிவந்து,
பதினோரு பவுண்டு மீனை நெஞ்சோடு அணைத்து நின்றாளே,
அதை அனுப்பினேன்.
அச்சகத்தில் முகத்தை மட்டும் வெட்டியெடுத்தார்கள்.
கத்தரி கொஞ்சம் தவறிவிட்டது.
ஐந்நூற்றுப் பன்னிரண்டு முகங்களில்
ஒரே ஒரு தாடைக்குக் கீழே
மீன்வால்.

செப்டம்பரில் போன் வந்தது.
"அப்பா! என்ன செய்து வைத்திருக்கிறாய்!
சாப்பாட்டுக் கூடத்தில் எவனோ வந்து
'வால் எங்கே' என்று கேட்கிறான்."
ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

அவளுக்கு அந்தப் புத்தகம் தேவைப்படவில்லை, உண்மை.
அது வந்து சேர்ந்ததே என் விலாசத்துக்கு.
போனுக்கு அடியில் வைத்தேன்.
ஞாயிறு இரவு எட்டு மணிக்கு அவள் ஒரு பெயர் சொல்வாள்,
நான் 'ம்' கொட்டிக்கொண்டே பக்கம் புரட்டுவேன்.
அறைத்தோழி ரோவீனா ஸ்டால்டர்: பதினெட்டாம் பக்கம்,
கையில் கிளாரினெட்.
வேதியியல் வகுப்பில் தூங்குகிறவன்: நாற்பது.
அங்கேயும் அவனுக்குக் கண் பாதி மூடித்தான் இருந்தது.
"ரோவீனாவின் புருவத்தழும்பு எப்படி வந்ததாம்?"
ஒருநாள் வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.
மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

சில பெயர்களுக்கு முகம் கிடையாது.
ஒரு சாம்பல் கட்டம், கீழே பெயர், அவ்வளவுதான்.
நாற்பத்தேழு எண்ணினேன்.
கூச்சமோ, மறதியோ,
அந்த வீட்டு முப்பத்தெட்டு டாலர் வேறெதற்கோ போயிற்றோ.
எங்கள் வீட்டிலும் அது
பின் டயருக்கு எடுத்துவைத்திருந்த பணம்தான்.

வால் எங்கே என்று கேட்டவன் பெயர்
கோர்ட்லாண்ட் இம்ஹாஃப்.
முப்பத்தொன்று, மூன்றாம் வரிசை, இடது ஓரம்.
அக்டோபரில் ஞாயிறுக்கு ஒரு தடவை வந்தான்,
நவம்பரில் வாக்கியத்துக்கு ஒரு தடவை.
ஜனவரியில் வரவில்லை.
பிப்ரவரியிலும் வரவில்லை.
நான் கேட்கவில்லை.
போனை வைத்த பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.
அதே சிரிப்பு, அதே கோணல் காலர்.
பதினேழு வயது.
அந்தப் படத்தில் இருக்கிறவன்
என் மகளை இன்னும் பார்த்ததேயில்லை.
யார்மேல் கோபப்படுவது, சொல்.
மூடிவைத்துவிட்டு
இரண்டு மணிக்கு வண்டியெடுத்துப் பனி வாரப் போனேன்.

ஐலி இன்றுவரை அதைப் புரட்டியதில்லை.
ஒரு கோடையில் ஜன்னலுக்கு முட்டுக்கொடுக்க எடுத்தாள்,
பிடுங்கி வைத்தேன்.
உன் பையனும் அப்படித்தான் செய்வான்.
இப்போது ஐந்து டாலர் ஏற்றிவிட்டார்கள் என்கிறாய்.
ஞாயிறு இரவுகளில் உனக்கு வேறு வேலை இருந்தால்
வேண்டாம்.

வாங்குவதானால் ஒன்று:
படத்தின் பின்னால் பெயரைப் பென்சிலால் எழுது.
நான் பேனாவால் எழுதினேன்.
திரும்பி வந்த படத்தில் மை முன்பக்கம் ஊறி
அவள் நெற்றியில் எங்கள் குடும்பப்பெயர்
இடம் வலம் மாறி, நீலமாக.

அந்தப் பதினாறாம் நம்பர் ஸ்பேனரை எடு.