ஜூன் ஒன்று, மாவூத்துக்காடு

காலை ஆறு மணிக்கு
முதலில் வெள்ளையன் சட்டைப்பையில் சிணுங்கியது.
பிறகு சடையனுக்கு.
பிறகு மிளகுக்கொடிக்கு ஏணி சாய்த்துக்கொண்டிருந்த ராமாயிக்கு.
அப்புறம் எனக்கு.
சில்வர் ஓக் வரிசை நெடுக, டவர் எட்டுகிற மேட்டில் எல்லாம்
தவளை மாதிரி ஒன்று மாற்றி ஒன்று.

அன்புள்ள வாடிக்கையாளரே,
இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்.
நகைக்கடன் தேவையா?

எங்கள் ஊரில் நாற்பத்தேழு பேருக்கு
இன்றைக்குப் பிறந்தநாள்.
கைரேகை மிஷினைத் தூக்கிக்கொண்டு
வீடு வீடாகப் போகிறவள் நான், எனக்குக் கணக்குத் தெரியும்.
புதிதாக வந்த மேனேஜர்
சர்வர் கோளாறு என்று சேலத்துக்குப் போன் போட்டார்.

கோளாறு இல்லை சார்.
சந்தியாகு வாத்தியார்.

ஓமலூர்க்காரர்.
இருபது கொண்டை ஊசியும் வாந்தி எடுத்தபடி ஏறி வந்து
முப்பத்தொரு வருடம் இருந்தவர்.
பள்ளிக்கூடம் திறந்ததும் எங்களை வரிசையாக நிறுத்தி
தலைக்கு மேலே கையைச் சுற்றிக்
காதைத் தொடச் சொல்வார்.
விரல் காதில் பட்டதும்
பிறந்துவிடுவோம்,
ஐந்து வயது நிரம்பி, நீல மையில்.

தொடாதவர்கள் அடுத்த வருடம் பிறந்தார்கள்.

அம்மாக்களுக்குத் தெரியாமல் இல்லை.
அவர்கள் சொன்னதை எழுதப்
பதிவேட்டில் கட்டம் இல்லை, அவ்வளவுதான்.
சடையன், காட்டெருமை காப்பிக்களத்தில் இறங்கின ராத்திரி.
ராமாயி, பாக்சைட் லாரி கவிழ்ந்து
மூன்று நாள் பஸ் வராதபோது, நடுநாள்.
நான், ஆலங்கட்டி விழுந்து
ஆரஞ்சுப் பிஞ்செல்லாம் கொட்டியதற்கு மறுநாள்.
மறுநாளா, அதற்கும் மறுநாளா என்று
அம்மாவும் சித்தியும் இன்னும் பேசித் தீரவில்லை.
வெள்ளையன் பிறந்தபோது எதுவுமே நடக்கவில்லையாம்.
அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.
போதாததற்கு வாத்தியார்
சர்க்கார் வேலைக்கு உதவும் என்று
இரண்டு வயதைக் குறைத்து எழுதியிருந்தார்.
வேலை கிடைக்கவில்லை.
முதியோர் பென்ஷன்தான் இரண்டு வருடம் தள்ளிப்போகிறது.

தம்பி மாதேஸ் குரூப் ஃபோருக்குப் படிக்கிறான்.
புத்தகத்தைப் பிரித்து உரக்க வாசித்தான்.
ஜூன் ஒன்று, உலகப் பால் தினம்.
ஊரில் கறவை மாடு மூன்று.
ஜூன் ஒன்று, ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து நாலு,
கிழக்கிந்தியக் கம்பெனி கலைக்கப்பட்டது.
"அப்ப எஸ்டேட் கேட்டுல நிக்கிறது யாருடா?" என்றார் சடையன்.
ஜூன் ஒன்று, ஹாலிவுட் அழகி ஒருத்தி பிறந்தாள்.
படத்தைக் காட்டினான்.
ராமாயி கண்ணாடி போட்டு நிதானமாகப் பார்த்தாள்.
"இந்தப் புள்ளையும் நம்ம வாத்தியார்கிட்ட படிச்சதா?"

போன வருடம் இதே தேதி, விடியுமுன்,
செம்பாயிக்கு வலி கண்டு
நூற்றெட்டு வண்டி மலை இறங்கியது.
ஏழாவது வளைவில் வண்டியை ஓரம்கட்டினார்கள்.
பெண்பிள்ளை. கீழே சேலம் முழுக்க விளக்கு.

பதிவுக்குப் போனபோது
ஜன்னலுக்கு அந்தப்பக்கம் இருந்தவர்
தேதியைக் கேட்டுவிட்டுச் சிரித்தாராம்.
"மலைக்காரங்களா? அது ஸ்கூல்ல போடுற தேதிம்மா.
நெஜமாப் பொறந்தது எப்போ?"
செம்பாயி மறுபடியும் சொன்னாள்.
மறுபடியும்.
வண்டிக்காரர் எழுதின சீட்டைக் கொடுத்த பிறகுதான்
பேனாவை எடுத்தார்.

இன்றைக்கு ஒண்டிக்கடையில் கேக் வாங்கி வந்திருக்கிறாள்.
அரைக்கிலோ. ஒரு மெழுகுவத்தி.
நாற்பத்தேழு பேரும் வந்துவிட்டோம்.
யார் ஊதுவது என்று பேச்சு எழுவதற்குள்
பனி வாசல்வழி நுழைந்தது,
சுடர் ஒருமுறை படுத்து எழுந்தது.

அவளுக்கு மட்டும் வாழ்த்து வரவில்லை.
கணக்கு இல்லாதவளுக்கு எப்படி வரும்?
என் மடியில் ஏறி
கிரீம் அப்பின கட்டைவிரலை
மிஷின்மேல் வைத்து அழுத்துகிறாள்.

சிவப்பு விளக்கு.
ரேகை தெளிவாக இல்லை என்கிறது மிஷின்,
மீண்டும் வைக்கவும்.
மீண்டும் வைக்கிறாள்.