பக்கத்து இருக்கை

கார் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும்
முதலில் ஸ்டியரிங்கைத்தான் பிடித்துப் பார்க்கிறார்கள்.
ஓவிதியோவும் அப்படித்தான்.
நான் சுற்றிப்போய் வலப்பக்கக் கதவைத் திறந்தேன்,
காற்று அதைப் பிடுங்கிக்கொள்ளப் பார்த்தது.
கொமொதோரோவில் பழைய கார் வாங்குகிறவர்
எஞ்சினுக்கு முன்னால் கதவுக் கீலைப் பார்க்க வேண்டும்.
எத்தனை முறை காற்று ஜெயித்தது என்று
அதில் எழுதியிருக்கும்.

விற்கிற பையன் நவுவெல்
குதிரைசக்தியில் ஆரம்பித்தான்.
குதிரை இருக்கட்டும் தம்பி, என்றேன்.
ஆயிரத்து நூறு கிலோமீட்டர்
இந்த இடத்தில் உட்காரப் போவது நான்.
மகள் பாயியா பிளாங்காவில்,
வருடத்துக்கு நாலு தடவை.
வடக்கே போகும்போது காலை வெயில்,
தெற்கே திரும்பும்போது மாலை வெயில்,
இரண்டும் என் மடியில்தான் விழும்.
மறைப்பைக் கொஞ்சம் இறக்கிக் காட்டு.

இறக்கினான். முகம் பார்க்கக் கண்ணாடி இருந்தது,
கண்ணாடிக்கு இரண்டு விளக்கு இருந்தது.
பக்கவாட்டில் திருப்பினால்
வெயிலுக்கு நாலு விரல் குறைந்தது.

பிறகு பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தேன்.
"மேடம், இது டெஸ்ட் டிரைவ்" என்றான்.
எனக்கும் இதுதான் டெஸ்ட், என்றேன்.
எங்கள் வழியில் ஓட்டுகிறவருக்கு ஒரு வேலை.
பக்கத்தில் இருப்பவள்
மாத்தே இலை நிரம்பிய சுரைக்குடுவையை
முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி,
ஓடுகிற வண்டியில் சுடுநீர் ஊற்றி,
அவர் நீட்டும் கையில் சரியாக வைத்து,
காலியானதும் வாங்கி,
மறுபடி ஊற்றி.
மணிக்கட்டில் இந்தத் தழும்பு
பழைய வண்டி கொடுத்தது.
அதன் ஸ்பிரிங்குகள் எல்லாவற்றையும்
என்னிடம் ஒப்பித்துவிடும், ஒரு கல் விடாமல்.

விற்பனைக் கொட்டகைக்குப் பின்னால் சரளைப் பாதை.
சிவப்புக் கார்: இரண்டாவது குழியிலேயே என் பாவாடை நனைந்தது.
உயரமான வெள்ளைக் கார்: ஒரு சொட்டு சிந்தவில்லை,
ஆனால் கால் தரையைத் தொடவில்லை,
நாற்காலியில் ஏற்றி வைத்த
குழந்தைபோல் இருந்தேன்.
விலையைக் கேட்டதும்
ஓவிதியோ அதைவிட்டு முதலில் இறங்கினார்.

மூன்றாவது, சாம்பல் நிற வேகன்.
பதினொரு வயது. த்ரெலேவில் ஒரு பல்வைத்தியர் வைத்திருந்தது.
இருக்கை இடுப்புக்குக் கீழே கையை வைத்ததுபோல் தாங்கியது.
ஊற்றினேன். நீர் குடுவைக்குள் மட்டும் போனது.
ஒரே குறை, அறுபதைத் தாண்டினால்
என் பக்க ஜன்னல் ரப்பர் விசில் அடிக்கும்.

"சத்தம் பெரிசாக இல்லையே" என்றார் ஓவிதியோ.
அது உங்கள் காதுக்குப் பக்கத்தில் இல்லை.
"வெறும் தண்ணீர் ஊற்றுவதற்கு
இவ்வளவு சோதனையா?"

நிறுத்தச் சொன்னேன்.
இறங்கி, காற்றோடு மல்லுக்கட்டி,
அந்தப் பக்கம் போய் ஏறினேன்.
சிவப்பு வண்டியே வேண்டும் என்றேன் நவுவெலிடம்,
சாவியைக் கொண்டுவா.
இப்போது நீங்கள் ஊற்றுங்கள்.

இருபத்தாறு வருடத்தில் அவர் சொன்ன கெட்ட வார்த்தைகளில்
அன்றைக்குச் சரளைப் பாதையில் சொன்னது
ஒன்று புதிது.
பின்சீட்டில் நவுவெல்
சிரிப்பை இருமலாக மாற்றப் பார்த்தான்.
நான் கையை நீட்டியபடியே ஓட்டினேன்.
குடுவை வந்து சேரவில்லை.

வேகனை வாங்கினோம்.
விசிலைக் காட்டி நவுவெலிடம்
இரண்டு டயருக்கான பணத்தைக் குறைத்தோம்.
ரப்பருக்குள் அட்டையை மடித்துச் செருகிப் பார்த்தேன்,
துணியைத் திணித்துப் பார்த்தேன்,
அது அடித்துக்கொண்டுதான் வருகிறது.
வெயிலுக்கு ஒரு தலையணை உறையைத் தொங்கவிட்டிருக்கிறேன்.

சாலை ஓரத்தில் குவானக்கோக்கள்,
வேலியைத் தாண்டலாமா என்று
யோசித்தபடி நிற்கின்றன.
முன்னால் நேர்கோடு, அதற்கும் முன்னால் நேர்கோடு.
ஓவிதியோவுக்குத் தாகம் எடுப்பது
இப்போதெல்லாம் எனக்கு முன்பே தெரிந்துவிடுகிறது.
விசில் மெல்லத் தணிகிறது.
வேகத்தைக் குறைத்துவிட்டு
அதற்குப் பிறகுதான்
கையை நீட்டுகிறார்.