டைம் ஆபீஸ்

சீட்டைப் பிரித்தேன்:
பசவலிங்கையா, டைம் ஆபீஸ்.
சாம்பிளிங் பிரிவே சிரித்தது.
எனக்கு வாய்த்த கிறிஸ்மஸ் நண்பர்
போன மாதம் மட்டும் என் சம்பளத்தில்
நாலு அரை மணிகளைக் கத்தரித்தவர்.

யாருக்கு யார் என்று கடைசி நாள்வரை சொல்லக் கூடாது.
இருநூறு ரூபாய்க்குள் வாங்கலாம்,
இல்லையென்றால் கையால் செய்யலாம்.
கைக்குட்டையோடு முடிந்திருக்கும்.
எனக்குத்தான் கொழுப்பு.

எஸ்.பி. ரோட்டில் கடிகார மெஷின் தொண்ணூறு ரூபாய்,
முள் இரண்டும் சேர்த்து.
"ஒரு வருஷம் கேரண்டி" என்றான் கடைப் பையன்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஈஜிபுராவில் சோபா செய்கிற முஷ்தாக்
ஒதுக்கிப் போட்ட சில்வர் ஓக் பலகை ஒன்றை
இருபது ரூபாய்க்கு வட்டமாய் அறுத்துத் தந்தார்.
ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட.
ஓரத்தில் ஒரு கண் இருந்தது, கறுப்பாய்.
வெட்டிவிடவா என்றார். இருக்கட்டும் என்றேன்.
ஏழு மணிக்குப் பக்கத்தில்
அது வந்து உட்கார்ந்துகொண்டது.

இரவு எட்டரைக்கு மேல்
மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியோரம்
உப்புத்தாளும் நானும்.
முதலில் எண்பதாம் நம்பர், பிறகு நூற்றிருபது,
பிறகு முந்நூற்றிருபது.
அந்தக் குளிரிலும் பலகை சூடாகிவிடும்.
மரத்தூள் போய்க் கீழ்வீட்டு ஈரப் போர்வையில் ஒட்ட
அங்கிருந்து கன்னடத்தில் திட்டு வந்தது.
காற்று நிற்கட்டும் என்று காத்திருந்து
மறுபடி தேய்த்தேன்.

எண்களுக்குப் பதில் பொத்தான்கள்.
வேண்டாமென்று திரும்பி வந்த மாதிரிச் சட்டைகளில் அறுத்தவை.
மூன்றுக்கு ஜெர்மனிக்காரனின் சிப்பிப் பொத்தான்.
ஆறுக்குக் குழந்தைச் சட்டையின் மஞ்சள் வாத்து.
ஒன்பதுக்குப் பித்தளை,
ஜீன்ஸில் தைக்கிற ரகம்.
தூரத்திலிருந்தே முறைக்கட்டும்.

நாலாம் நாள் காலை
வாசல் மெஷினில் கட்டைவிரலை வைத்தேன்.
சிவப்பு.
துப்பட்டாவில் துடைத்து வைத்தேன். சிவப்பு.
ஆள்காட்டி விரல். சிவப்பு.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
விரலை ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்:
பாதி கரைந்த சோப்பு மாதிரி வழவழவென்று,
ஒரு கோடு இல்லை.

பசவலிங்கையா எழுந்து வந்து
கையைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.
"ஏனம்மா, ஏனு மாடிகொண்டெ?"
பாத்திரம் தேய்த்தது சார், என்றேன்.

அலமாரிக்கு அடியிலிருந்து
நீளமான பழைய நோட்டு ஒன்று வந்தது.
பேனா எழுதவில்லை. உதறினார்.
மெஷின் ஒன்பது பதினொன்று காட்டியது.
"சில்க் போர்டா?"
தலையாட்டினேன்.
ஜெயசெல்வி, 9.00 என்று எழுதினார்,
ஒன்பதின் வாலை இழுத்து நீட்டி.

அவர் சுவரை அன்றுதான் கவனித்தேன்.
டைம் ஆபீஸில் கடிகாரம் இல்லை.
ஆணி இருந்தது.

மறுநாள் 9.00. அதற்கு மறுநாள் 9.00.
நாலாவது நாள் 9.05.
ஐந்து எதற்கு?
நம்பும்படி இருக்க வேண்டாமா என்றிருப்பார்.

இருபத்துநாலாம் தேதி, கேக் வெட்டிய பிறகு,
பேட்டர்ன் தாளில் சுற்றியதைக் கொடுத்தேன்.
பிரித்தார். காதில் வைத்துக் கேட்டார்.
வாத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினார்.
பிறகு கட்டைவிரலால் விளிம்பை ஒரு சுற்றுத் தடவிவந்து,
கண் இருந்த இடத்தில் நிறுத்தி,
என் கையைப் பார்த்தார்.
"பாத்ரேனா?" என்றார்.

ஜனவரி இரண்டாம் வாரம்
ரேகை வளர்ந்துவிட்டது.
முதல் தடவையிலேயே பச்சை. 9.14.
அவர் தலைக்கு மேல் பெரிய முள்
சிப்பியைத் தொடப் போய்க்கொண்டிருந்தது.
இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தோம்.

அரை மணி போனது.