சில்லறைப் பையில் ஒரு கல்

மாலை கழற்றிப் பதினோரு நாள்.
டெப்போவில் கண்ட்ரோலர் என் காலைப் பார்க்கிறார்.
"ஷூ எங்கம்மா பூங்காவனம்?"
நுழைய மாட்டேன் என்கிறது கால்.
கரிமலை முள் ஒன்று
வலது குதிகாலில் நுனி உடைந்து தங்கிவிட்டது.
ஓட்டேரி கிளினிக்கில் ஊசியால் குடைந்து பார்த்தார்கள்,
இறங்குவதாயில்லை.
சீசன் பாஸ் வைத்திருக்கும்போல.

பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர்.
புரசைவாக்கம் வருமுன்பே படிக்கட்டு நிரம்பிவிடும்.
'உள்ள போ, உள்ள போ, நடுவுல காலியாத்தான இருக்கு.'
இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லும் பொய்.

காட்டில் அதைச் சொல்ல இடமில்லை.
அங்கே நடுவே கிடையாது.
முன்னால் போகிறவரின் குதிகால்,
அதன்மேல் என் டார்ச் வெளிச்சம்,
அவ்வளவுதான் உலகம்.

பழக்கதோஷம், தலை எண்ணிக்கொண்டே நடந்தேன்.
எரிமேலியில் என்னோடு முப்பத்தொன்று.
காளைகட்டியில் முப்பத்தொன்று.
முக்குழியில் இரவு யானை வாடை வந்ததும் முப்பது.
வெல்டர் ஏகாம்பரம்
கடைக்காரனின் தார்ப்பாய்க்குள் உட்கார்ந்து
கட்டஞ்சாயா ஊதிக்கொண்டிருந்தார்.
விசில் அடிக்க வாயைக் குவித்தேன்,
சரணம்தான் வந்தது.

கரிமலையில் கைகளும் கால்கள்தான்.
வேரைப் பற்றித்தான் ஏறினேன்,
பஸ் கம்பியைப் பிடிப்பதுபோல.
இல்லை, அப்படி இல்லை.
கம்பியில் முன்பு பிடித்தவரின் சூடு இருக்கும்.
எத்தனை ஆயிரம் கை பிடித்த வேர் அது,
ஜில்லென்று இருந்தது.

கல்லைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

அழுதையில் முங்கி எழும்போது ஆளுக்கொரு கல்.
அதை மடியில் கட்டிக்கொண்டு
மேடேறிக் குன்றில் போட வேண்டும்.
அடியில் மகிஷி கிடக்கிறாளாம்,
எழுந்துவிடக் கூடாதாம்.

மீன்பாடி வண்டி சேட்டுவின் மகள் கயல் கேட்டாள்:
"எத்தினி நாளா அத்தே இவங்க பட்த்துனு இருக்காங்க?"
தெரியாது என்றேன்.
"நாம போடலன்னா எழுந்துப்பாங்களா?"
அதுவும் தெரியாது.
அவள் போட்டாள்.
குனிந்து, சத்தம் வராமல்,
தூங்குகிறவர்மேல் போர்வை போடுவதுபோல.

எட்டு வயசு அவளுக்கு.
"இன்னும் ஒரு தபா வருவேன்.
அப்பால நாப்பது வருசம் லீவு" என்று
பொரி தின்றுகொண்டே நடந்தாள்.

என் லீவு போன ஆடியில் முடிந்தது.
மூன்று பிரசவம், ஒரு கர்ப்பப்பை ஆபரேஷன்,
ராத்திரி டிரிப் முடித்து
கணக்கு இடித்த பதினேழு ரூபாயைக்
கைக்காசில் கட்டிவிட்டு நடந்த நாட்கள்,
மினிபஸ் மோதிப் போன தம்பி.
லீவில் ஒருநாளும் நான் சும்மா இருந்ததில்லை.

நான் போட்டேனா?
கை ஓங்கியது ஞாபகம் இருக்கிறது.
பின்னால் ஆள் நெருக்கியதும் ஞாபகம் இருக்கிறது.
பம்பையில் புடவை பிழியும்போது
மடியில் முட்டியது.

பாலத்தில் பஸ் நிற்கிறது.
கீழே அடையாறு, கறுப்பாக, அதன் வழக்கமான வாடையோடு.
ஒருவர் பத்து ரூபாய் டிக்கெட்டுக்கு ஐநூறு நீட்டுகிறார்.
வேறு நாளென்றால் திட்டியிருப்பேன்.
பைக்குள் விடுகிற கை
காசுக்கு முன்னால் கல்லைத் தொடுகிறது.
இந்த வெயிலிலும் குளிர்ச்சி.

ஜன்னல் வழியே எறிந்துவிடலாம்.
ஆற்றில் எடுத்தது ஆற்றுக்கே போகும்.
யார் கேட்கப்போகிறார்கள்?

அங்கே முப்பது கல் விழுந்திருக்கிறது,
ஆள் முப்பத்தொன்று.
எந்த வே-பில்லில் எழுதுவது இதை?
குன்றுக்கு அடியில்
ஒரு கல் கனம் குறைந்த இடத்தில்
அவள் கொஞ்சம் புரண்டு படுத்திருக்கலாம்.

"சில்லற இல்லியாம்மா?"
இருங்க சார், தரேன்.
முன்னால் வண்டி நகர்கிறது.
ரெண்டு விசில் கொடுக்கிறேன்.
குதிகாலில் முள் சுருக்கென்கிறது.