இரண்டு மாத்திரை

காலை ஒன்பது மணிக்கும் ஜன்னலில் இரவுதான்.
ராஹே ஊர்த் தொடக்கப்பள்ளி, முதல் வகுப்பு.
நான் ஆசிரியை இல்லை.
மூக்குச் சிந்திவிடுகிறவள்,
ஜிப் சிக்கினால் விடுவிக்கிறவள்,
இருபத்திரண்டு டேப்லெட்டுகளைக் காலையில் எடுத்துக் கொடுத்து
மதியம் துடைத்து, சார்ஜ் போட்டு,
அலமாரியில் தூங்கவைக்கிறவள்.
ஒன்றுக்கு மட்டும் மூலையில் விரிசல்.
தினமும் சண்டை அதற்குத்தான்:
விரிசலுக்குள் சிலந்தி குடியிருப்பதாக
ஐலி புரளி கிளப்பிவிட்டிருக்கிறாள்.

பனியில் நனைந்த கையுறைகள்
ஹீட்டரின் மேல் ஆவி விடுகின்றன.
கம்பளியைக் கண்ணாடிக்கு அடையாளம் தெரியாது,
தோல் பட்டால்தான் எழுத்து அசையும்.
உர்ஹோ கையுறையைக் கழற்ற மாட்டான்.
முதல் வாரம் முழுக்க மூக்கால் எழுதினான்.
மாரித் டீச்சர் அதட்டவில்லை.
"மூக்கெழுத்து நன்றாக வருகிறது உனக்கு,
விரலெழுத்து எப்படியோ, ஒருநாள் பார்ப்போம்" என்றதோடு சரி.

இன்று குறில் நெடில்.
எங்கள் மொழியில் துலி என்றால் தீ.
வந்தார் என்பதற்கும் அதே துலிதான்.
உகரத்தைச் சற்றே நீட்டினால்
தூலி, காற்று.
நீட்டலுக்கென்று தனிக்குறி கிடையாது எங்களிடம்.
இன்னொரு உகரத்தை விரலால் இழுத்துவந்து
பக்கத்தில் நிறுத்த வேண்டும்,
வரிசையில் நிற்க மறுக்கும் பிள்ளையை நிறுத்துவதுபோல.

டேப்லெட்டுக்கு மாத்திரைக் கணக்கு அத்துப்படி.
ஒரு கண்ணிமைப்பு கூடினாலும் பொறுக்காது.
சிவப்புக் கோடு போட்டு
எச்சில் விழுங்கியறியாத குரலில்
மீண்டும் முயற்சி செய் என்னும்.

சொல்வதெழுதுதல்.
"இஸா துலி." அப்பா வந்தார்.
இருபத்தொரு திரைகளில் நட்சத்திரம் சிதறியது.
உர்ஹோவின் திரையில் சிவப்பு:
இஸா தூலி.
அப்பா காற்று.
மீண்டும் முயன்றான். மீண்டும் தூலி.
அடுத்த முறை மூன்று உகரம்.
பாவம் எந்திரம்,
அப்படியொரு சொல் அதன் வயிற்றில் இல்லை.

குனிந்து காதோரம் சொன்னேன்:
"ஒண்ணே ஒண்ணை எடுத்துடு கண்ணு, நட்சத்திரம் வந்துடும்."

"அவர் வரலையே" என்றான்.
"வந்தார்னு எப்படி எழுதறது?"

அவன் அப்பா
கடலுக்கு அந்தக் கரையில், ஸ்வீடனில்,
காற்றாலைக் கோபுரத்தில் ஏறிப் பழுது பார்க்கிறவர்.
காற்று தணிந்தால்தான் ஏற முடியும்.
ஏறி முடித்தால்தான் வீடு.
மூன்று வாரமாகக் காற்று தணியவில்லை.

எனக்குப் பதில் வரவில்லை.
மாரித் எட்டிப் பார்த்தாள்,
திரையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்,
வெற்றுப்பக்கம் ஒன்றைத் திறந்து கொடுத்துவிட்டு
ஐலியின் சிலந்தி வழக்கைத் தீர்க்கப் போனாள்.

உர்ஹோ கண்ணாடியில் ஊதினான்.
அடிவயிற்றிலிருந்து, ஹூவென்று.
திரை வெளுத்தது.
வலது கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தான்.
உள்ளே சுட்டுவிரல்,
ஊறிச் சுருங்கி, சிவந்து.
மூச்சின் மேல் உ. பக்கத்தில் உ. பக்கத்தில் உ.
திரை முடியும்வரை உ.
மேலே ஈரத்தில் ஒரு வரிசை,
அடியில் ஒளியில் அதே வரிசை.
மேல்வரிசை சீக்கிரமே மறைந்தது.
கீழ்வரிசையை எந்திரம் அப்படியே வைத்துக்கொண்டது,
சிவப்புக் கோடு இல்லாமல்,
நட்சத்திரமும் இல்லாமல்.
வெற்றுப்பக்கத்தில் அதற்குக் கேள்வி கிடையாது போல.

மதியம் ஒரு மணிக்கே வெளிச்சம் சாய்ந்துவிட்டது.
ஒவ்வொன்றாகத் துடைத்தேன்:
ஜாம் பட்டது, தும்மல் பட்டது, சிலந்தி வீடு.
பதினேழாவதைச் சாய்த்துப் பிடித்தபோது
விரல் எண்ணெயில் அந்த உகரங்கள்
ஓரம்வரை போய், சட்டத்தில் முட்டி நின்றன.
கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.
அப்புறம் துடைத்தேன், என் வேலை அதுதானே.
நாளைக்கு வேறொரு பிள்ளை கைக்குப் போகும்.

அலமாரியைப் பூட்டித் திரும்புகையில்
வெளியே கொடிக்கம்பத்தில் கயிறு
டக், டக், டக்கென்று
அடித்துக்கொண்டே இருந்தது.