ஆளுநர்

கழுத்துப் பட்டியில் தொங்கும் அட்டை
என்னை ஆளுநர் என்கிறது.
மாளிகை இல்லை, சம்பளம் இல்லை,
பெயரில் ஓர் எழுத்தும் குறைகிறது.
கெட்டரிங் ரயிலடிக்குப் பின்னால் ஒரு ஹோட்டல்.
நேற்றைய கல்யாணத்தின் பலூன் ஒன்று
கூரையோடு ஒட்டிக்கொண்டு
இன்னும் இறங்கவில்லை.

பள்ளி ஆளுநர்களுக்குப் பயிற்சி நாள்.
காலையில் வரவு செலவு.
பிறகு வருகைப்பதிவு, வட்டமாய், பட்டையாய், வண்ண வண்ணமாய்.
ஜாம் வைத்த பிஸ்கட்டுகள் முதலில் தீர்ந்தன.
எல்லாக் கூட்டத்திலும் அப்படித்தான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின்
நிரந்தர நீக்கம்: முறைப்படி விசாரிப்பது எப்படி.
மேசைக்கு ஆறு பேர், கவிழ்த்த சீட்டுகள் ஆறு.
ஒன்றை எடுத்தேன்.
நீங்கள் தாய், என்றிருந்தது.
மகனுக்குப் பதின்மூன்று. நாற்காலியை எறிந்தான்.

எங்கள் பையன் எறிந்தது ஸ்டூல்.
மார்ச் மாதம், லெஸ்டரில், நூலக அறையில்
மூவராய் உட்கார்ந்து கேட்டோம்.
சலவைக்கூடச் சீருடையோடு வந்தாள் டோனா ஹோலிஸ்.
வக்கீல் இல்லை, கையில் ஒரு தாள் இல்லை.
எல்லாம் முடிந்தபின் ஒன்றே ஒன்று கேட்டாள்:
"அந்தப் புதுப் பள்ளிக்கு எந்த பஸ்?"

எங்களிடம் சட்டம் இருந்தது,
மஞ்சள் மை பூசிய பக்கங்கள் இருந்தன.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.
தீர்மானத்துக்கு அது தேவையில்லை என்று
செயலர் குறிப்பில் ஏற்றாமல் விட்டார்.
நானும் தலையாட்டினேன்.

இங்கே தலைவர் வேடத்தில்
நார்விச்சிலிருந்து வந்த ஓய்வுபெற்ற பல் மருத்துவர்.
நல்ல மனிதர்.
"வேறு ஏதும் சொல்ல விரும்புகிறீர்களா, அம்மா?"
எந்த பஸ், என்றேன்.
சிரித்தார்கள். இளக்காரமாய் அல்ல,
நடிப்பு நன்றாயிருக்கிறது என்பதுபோல.
அவர் தன் சீட்டைத் திருப்பிப் பார்த்தார்.
பின்பக்கம் வெறுமை.
பயிற்றுநர் மணியைத் தட்டினாள்.

ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் இடச் சொன்னார்கள்.
நான்கு போட்டேன்.
ஏன் ஐந்தில்லை என்ற கட்டத்தில்
காபி ஆறியிருந்தது என்று எழுதினேன்.

ஐந்து ஐம்பது ரயில்.
மார்க்கெட் ஹார்பரோ தாண்டும்போது
போனில் தேடுகிறேன்.
ஒன்றல்ல, இரண்டு பஸ்கள். நடுவில்
நிழற்குடை இல்லாத நிறுத்தத்தில்
பதினேழு நிமிடம் நிற்க வேண்டும்.
இரண்டாவது பஸ் செப்டம்பரிலிருந்து
வேறு பாதையில் போகிறதாம்.

இரண்டு எண்களையும்
அட்டையின் பின்புறம் குறித்துக்கொள்கிறேன்.
டோனா ஹோலிஸின் எண்
என்னிடம் இருக்கக் கூடாது, விதிப்படி.