ஐந்து பக்க அறுகோணம்

டோண்டர் அருங்காட்சியகத்தில்
முப்பத்தொன்றாம் இழுப்பறையைத்
திங்கட்கிழமை மட்டும் திறப்பார்கள்.
கறுப்பு வெல்வெட்டின் மேல்
யாரோ ஒருவரின் சட்டைக்கை ஓரம்,
என் சுண்டுவிரல் அகலம்.
காப்பாளர் அஸ்மூஸ் தும்மலை அடக்கிக்கொள்கிறார்.
தும்மினால் பறந்துவிடும் எடை.

அட்டையில் இவ்வளவுதான்:
லினன். 1740 வாக்கில். செய்தவர் தெரியவில்லை.

மற்ற நாட்களில் நான்
பால்பண்ணை ஆய்வுக்கூடத்தில்
கொழுப்பின் சதவீதம் அளப்பவள்.
புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்.
எண்ணுவது எனக்குப் புதிதில்லை.
ஆனாலும் இந்தப் பூவின் காம்பில்
எந்த இழை எங்கே நுழைந்து
எங்கே வெளியேறுகிறது என்று
உருப்பெருக்கியில் பார்த்துப் பார்த்து
கட்டத்தாளில் புள்ளி வைத்து முடிக்க
மூன்று குளிர்காலம் ஆயிற்று.

வீட்டில் நீலத் திண்டின்மேல்
அறுபத்திரண்டு ஜோடி மரக்கட்டைகள்
நூலின் நுனியில் தொங்குகின்றன.
கைக்குத் தெரிந்த வித்தை இரண்டே.
இரு ஜோடிகள் நடுவில் இடம் மாறினால் குறுக்கு.
ஜோடிக்குள்ளேயே மாறினால் முறுக்கு.
குறுக்கு, முறுக்கு, முறுக்கு, முறுக்கு, ஊசி.
குறுக்கு, முறுக்கு, முறுக்கு, முறுக்கு, ஊசி.
கடையில் கிடைக்கும் ஆக மெல்லிய நூலும்
அவளுடையதன் பக்கத்தில் கயிறு.
(அவள் என்கிறேன். அவனாகவும் இருக்கலாம்.)

ட்ரோல்ஸ் செருப்பைக் கழற்றிவிட்டுப்
பூனை போல வருகிறான்.
பலகைத் தரை அதிர்ந்தால் கட்டைகள் கலகலக்கும்.
"எவ்வளவு ஆச்சு?"
"நாலு சென்டிமீட்டர்."
"இன்னிக்கா?"
"ஈஸ்டரிலிருந்து."

பூ வந்தது.
ஆனால் இடப்பக்கம் சாய்ந்து நின்றது.
மூலத்தில் அது வலப்பக்கம்.
ஏழு முறை பிரித்தேன்.
எட்டாம் முறை உறைத்தது:
இந்த லேஸ் குப்புறக் கிடந்து பிறப்பது.
பின்னுகிறவள் கண்முன் இருப்பது முதுகு.
முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்த பாடம்.
வேலை முடியும்வரை
அவள் பார்த்தே இராத முகத்தை
மூன்று குளிர்காலம் நான் வரைந்திருக்கிறேன்.

அடுத்த திங்கள்
அஸ்மூஸ் அதைத் திருப்பி வைத்தார்.
முதுகில் தெரிந்தது.
ஐந்தாம் பூவுக்குக் கீழே, வலையில்,
ஒரு கண்ணுக்கு மட்டும் ஐந்து பக்கம்.
ஒரு ஜோடி
வரவேண்டிய ஊசிக்கு வரவில்லை.
அடுத்த வரிசையில்
ஒன்றும் நடக்காதது போல வந்து நிற்கிறது.

மெழுகுவத்தி அணைந்ததோ என்றார் அஸ்மூஸ்.
பசியோ. யாராவது கதவைத் தட்டினார்களோ.
எனக்குத் தெரியாது.
ஒரு ஜோடி வரவில்லை.
நூல் சொல்வது அவ்வளவுதான்.

பழஞ்சுவடியைப் பெயர்த்தெழுதுகிறவர்
பிழையென்று தெரிந்தாலும்
இருந்தபடியே எழுதி ஓரத்தில் குறியிடலாம்.
லேஸில் ஓரத்தையும் பின்னித்தான் ஆகவேண்டும்.

அவள் தவறிச் செய்ததை
நான் தவறாமல் செய்ய வேண்டும்.
கை ஒப்பவில்லை.
வரக்கூடாத ஜோடியை அதுவே இழுத்துவந்து
ஊசியருகே நிறுத்தியது, இரண்டு தடவை.
மூன்றாம் தடவை
அந்த ஜோடிக்கு ரப்பர் பேண்டு போட்டுக்
கட்டிவைத்தேன்.

வந்தது.
ட்ரோல்ஸைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
இறக்கி, மறுபடி ஏற்றி,
"எங்கே?" என்றான்.

இரவு பத்தரைக்கு
நாலு வரிசை தள்ளி இன்னொன்றைக் கண்டேன்.
அதற்கும் ஐந்து பக்கம்.
மூலத்தில் இல்லை. இது என்னுடையது.
பக்கத்தில் வைத்துப் பார்த்தால்
இரண்டும் ஒரே அச்சு.
ஆனாலும் என்னுடையதற்கு அந்த உரிமை கிடையாது.

ஊசியைப் பிடுங்குகிறேன்.
முறுக்கு, முறுக்கு, முறுக்கு, குறுக்கு.
வந்த வழியே போகிறேன்,
ஒவ்வொரு கட்டையாக, தூக்கக் கலக்கத்தில்.
அவளுடையதற்கு ஒரு வரிசை முன்னால்
நிறுத்திக்கொள்ள வேண்டும்.